குரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும்: ஒரே வீட்டில் இரண்டையும் பார்த்த அனுபவம்

என் அக்காவுக்கு இருப்பது குரோன் நோய். எனக்கு இருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் புண் அழற்சி. இரண்டுமே குடல் அழற்சி நோய் என்ற பொதுப்பெயருக்குள் அடங்குபவை, மருத்துவர்கள் ஐ.பி.டி. என்று சுருக்கிச் சொல்வது இவற்றைத்தான். உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு பொதுவான அளவைவிடக் கூடுதல் என்பதும், அப்படி வந்தாலும் அதே வகைதான் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதும் எங்கள் இருவர் வழியாகத்தான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிய வந்தன.

வீட்டுக்கு வந்து விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றையே சொல்வார்கள்: இரண்டுமே வயிற்றுப்புண்தானே, ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்கும் கேட்காதா? இந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் இதை நம்பி நடந்தால் ஆபத்தும் இருக்கிறது. எந்த மாத்திரை வேலை செய்யும், அறுவை சிகிச்சை நோயைத் தீர்க்குமா தள்ளிப்போடுமா, எந்தச் சத்துக் குறையும், எந்த அறிகுறிக்கு இரவோடு இரவாக மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பனவெல்லாம் வகையைப் பொறுத்து மாறுகின்றன. நான் மருத்துவர் அல்லள். இரண்டு நோய்களையும் ஒரே கூரையின்கீழ்ப் பார்த்து, இரண்டு கோப்புகளையும் பராமரித்து வருபவள் என்ற முறையில், வகை பிரித்தறிவது எப்படி நடக்கிறது, அதில் நோயாளியின் பங்கு எங்கே வருகிறது என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஐ.பி.எஸ். எனப்படும் குடல் எரிச்சல் நோய்க்குறி வேறு, ஐ.பி.டி. வேறு. முன்னதில் வலியும் பேதியும் மலச்சிக்கலும் மாறிமாறி வந்து வாட்டும். ஆனால் குடற்சுவரில் புண் இராது, ரத்தம் வராது, எடை காரணமின்றி இறங்காது. மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, எடை இழப்பு, காய்ச்சல், ரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது வெறும் ஐ.பி.எஸ். என்று முடிவு செய்துவிடக் கூடாது.

என் நோய் ரத்தத்தில் தொடங்கியது. மலத்தோடு ரத்தம் வருகிறது என்று சொன்னவுடன் எல்லாரும் மூலம் என்றார்கள். ஆனால், அந்த ரத்தத்தை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும். மூலத்தில் மலம் வந்த பிறகு, பளிச்சென்ற சிவப்பில், பெரும்பாலும் மலத்தின் மேல்பூச்சாகவோ சொட்டாகவோ ரத்தம் வரும். மலம் இயல்பாகவே இருக்கும். எனக்கோ ரத்தம் சளியோடு கலந்து, தளர்ந்த மலத்துக்குள்ளேயே இருந்தது. அதைவிட வேதனையானது அந்த அவசரம். கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்தால் சிறிது சளியும் ரத்தமும் மட்டுமே வரும். எழுந்து கைகழுவி முடிப்பதற்குள் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல் மீண்டும் முக்க வைக்கும். மலக்குடல் வீங்கிப் புண்ணாகியிருப்பதால், உள்ளே ஒன்றுமில்லாதபோதும் நிறைந்திருப்பதாக அது உணர்கிறது. இந்தக் கடுப்பு அல்சரேட்டிவ் கொலைட்டிஸின் முக்கிய அடையாளங்களுள் ஒன்று. ஏனெனில் அந்நோய் ஏறத்தாழ எப்போதுமே மலக்குடலிலிருந்துதான் தொடங்குகிறது.

மருத்துவர் முதலில் செய்தது மலப் பரிசோதனைதான். அமீபா, பாக்டீரியா, ஆன்டிபயாட்டிக் உட்கொண்ட பிறகு தாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் போன்ற தொற்றுகளும் இதே போன்ற ரத்தபேதியை உண்டாக்கும். அமீபா தொற்றைக் குடல் அழற்சி நோய் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் குடல் ஓட்டை விழும் அளவுக்கு நிலைமை மோசமாகலாம். எனவே தொற்று இல்லை என்று உறுதிப்படுத்தும் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல எந்த நோயாளியும் அவசரப்படுத்தக் கூடாது.

பிறகு கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை. அறிக்கையோடு தந்த வண்ணப் படங்களை நான் இன்றும் வைத்திருக்கிறேன். ஆரோக்கியமான பெருங்குடலின் உட்சுவர் வெளிர் ரோஜா நிறத்தில் பளபளக்கும். அதன்மேல் மெல்லிய ரத்தநாளங்கள் கிளைவிட்டுப் படர்ந்திருப்பது தெளிவாகத் தெரியும். என் மலக்குடலின் படத்தில் அந்த நாளங்களே தென்படவில்லை. சுவர் முழுதும் சிவந்து, மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக, கருவி பட்ட இடத்திலெல்லாம் ரத்தம் கசிந்திருந்தது. அதே சிவப்பு ஒரு விரற்கடை இடைவெளிகூட இல்லாமல் இடப்பக்கப் பெருங்குடல் முழுதும் ஏறி, மண்ணீரலுக்கு அருகே குடல் வளையும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் எடுத்த படத்தில் ரத்தநாளங்கள் மீண்டும் தெரிந்தன. சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை கருவியைச் செலுத்திப் பார்த்து, அங்கும் இயல்பாகவே இருப்பதாக எழுதியிருந்தார்கள்.

"இங்கே பாரும்மா, கீழே தொடங்கியிருக்கிறது, இடையில் எங்கும் விடுபடவில்லை, ஒரே இடத்தில் முடிந்திருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்துதான் இது கொலைட்டிஸ் என்று சொல்ல வைக்கின்றன" என்று மருத்துவர் படங்களைத் திருப்பிக் காட்டினார். அழற்சி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை வைத்து இந்நோயை மேலும் பிரிக்கிறார்கள்: மலக்குடலோடு நிற்பது, இடப்பக்கப் பெருங்குடல் வரை வருவது, அதையும் தாண்டிப் பரவுவது. எனக்கு இரண்டாவது நிலை. ஆழத்தைப் பொறுத்தவரை இந்நோய் பெரும்பாலும் குடற்சுவரின் உட்படலத்தோடு, அதாவது சளிச்சவ்வும் அதற்கு அடுத்த மெல்லிய அடுக்கும் என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

அக்காவின் நோய் இவற்றில் எதையும் ஒத்திருக்கவில்லை. அவளுக்கு ரத்தமே போகவில்லை. சாப்பிட்ட சற்று நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் பிடித்திழுக்கும் வலி, மாலையில் இலேசான காய்ச்சல், ஆடைகள் தொளதொளக்கும் அளவுக்கு எடைக் குறைவு, அடிக்கடி வாய்ப்புண், எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டாலும் தேறாத ரத்தசோகை. வலி இருந்த இடத்தை வைத்துக் குடல்வால் அழற்சியாக இருக்குமோ என்றுகூட ஐயப்பட்டார்கள். சிறுகுடல் முடிந்து பெருங்குடலோடு சேரும் இடமும் குடல்வாலும் அருகருகே இருப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது. குரோன் நோய் மிகுதியாகத் தாக்கும் இடமும் சிறுகுடலின் அந்தக் கடைசிப் பகுதிதான்.

இதில் எல்லாரும் கவனிக்காமல் விட்ட ஒரு தடயம் இருந்தது. வயிற்றுவலி தொடங்குவதற்கு நெடுநாள் முன்பே அக்காவுக்கு ஆசனவாய்க்கு அருகே சீழ்க்கட்டி வந்து, அது பவுத்திரமாக மாறி, அறுவை சிகிச்சை செய்தும் மீண்டும் வந்திருந்தது. அதை வயிற்றுக் கோளாறோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கூச்சத்தினால் அவளும் அதைப் புதிய மருத்துவரிடம் தானாகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குரோன் நோயில் அழற்சி குடற்சுவரின் முழுக்கனத்தையும் ஊடுருவுவதால், அது துளைத்துக்கொண்டு வெளியேறிப் பக்கத்துத் தசைக்கோ, தோலுக்கோ, இன்னொரு குடற்பகுதிக்கோ, சிறுநீர்ப்பைக்கோ பாதை போட்டுவிடக்கூடும். திரும்பத் திரும்ப வரும் பவுத்திரம் குரோன் நோயின் முதல் வெளிப்பாடாகவே இருக்கலாம். எனவே அறுவை செய்தும் அடங்காத பவுத்திரம் உள்ளவர்கள், குறிப்பாக எடை இறக்கமோ பேதியோ சேர்ந்திருந்தால், குடலைப் பரிசோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும்.

அக்காவின் கொலோனோஸ்கோப்பிப் படங்களை என்னுடையவற்றோடு அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் இரண்டு நோய்களும் எவ்வளவு வேறு என்பது எனக்கு உறைத்தது. அவளுடைய மலக்குடல் பளபளப்பாக, நோயற்றவரின் குடல்போல் இருந்தது. சற்று மேலே ஒரு புண்திட்டு, பிறகு நல்ல சுவர், மீண்டும் ஒரு திட்டு. சிறுகுடலின் வாயிலுக்குள் நுழைந்ததும் நீளவாக்கில் ஆழமான புண்கள். அவற்றுக்கு இடையே வீங்கிய சதை கூழாங்கற்கள் பாவிய தரைபோல் மேடுமேடாகத் தெரிந்தது. அதற்குமேல் குழாய் குறுகிவிட்டதால் கருவி போகவில்லை. கொலோனோஸ்கோப்பி எட்டாத சிறுகுடலைப் பார்ப்பதற்கு எம்.ஆர். என்டரோகிராஃபி என்ற ஸ்கேன் எடுத்தார்கள். அதில் சுவர் தடித்திருப்பதும், குறுகிய பகுதிக்கு முன்னால் குடல் விரிந்திருப்பதும் தெரிந்தன. விழுங்கும் கேமரா மாத்திரையும் ஒரு வழிதான் என்றாலும், குடல் குறுகியிருப்பவருக்கு அது உள்ளேயே சிக்கிக்கொள்ளும் அபாயம் இருப்பதால், அக்காவுக்கு அது வேண்டாம் என்று மருத்துவர் மறுத்துவிட்டார்.

இந்த அளவுக்குத் தெரிந்த பிறகும் குரோன் என்று உடனே முத்திரை குத்தவில்லை. காசநோய் பரவலாக உள்ள இடங்களில் குடல் காசநோயும் குரோன் நோயும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இரண்டும் சிறுகுடல் முடியும் அதே இடத்தைத் தாக்கும். இரண்டிலும் காய்ச்சல், எடை இறக்கம், குடல் குறுகுதல் எல்லாம் வரும். திசுவில் கிரானுலோமா என்ற உயிரணுத்திரளும் இரண்டிலும் காணப்படும். காசநோயில் அந்தத் திரளின் நடுப்பகுதி அழிந்து பாலாடைக்கட்டிபோல் ஆகியிருக்கும், குரோனில் அப்படி இராது என்பது பாடப்புத்தக வேறுபாடு. ஆனால் பயாப்சிக்காக, அதாவது நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, எடுக்கும் சின்னஞ்சிறு திசுத் துணுக்கில் அந்தச் சான்று அகப்படாமலே போகலாம். குரோன் நோயாளிகளில் பலருக்குக் கிரானுலோமாவே கிடைப்பதில்லை. காசநோய்க் கிருமியும் குடல் திசுவில் எளிதில் சிக்குவதில்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் குடலில் காசநோய் இருக்க முடியும். குறுக்குவாட்டில் ஓடும் புண்கள், இரு குடல்களுக்கும் இடையேயுள்ள வால்வு சிதைந்து வாய்பிளந்து கிடத்தல், வயிற்றில் நீர்கோத்தல் ஆகியவை காசநோயின் பக்கம் சாய்க்கும். நீளவாக்குப் புண்கள், இடைவெளிவிட்ட பல திட்டுகள், ஆசனவாய்ச் சிக்கல்கள் ஆகியவை குரோன் பக்கம் சாய்க்கும்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. காசநோய் உள்ளவருக்கு குரோன் என்று எண்ணி ஸ்டீராய்டோ நோயெதிர்ப்பை அடக்கும் ஊசியோ கொடுத்தால் கிருமி உடலெங்கும் பரவிவிடும். குரோன் உள்ளவருக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்குள் குடல் மேலும் குறுகிவிடும். அக்காவுக்குச் சான்றுகள் இரு பக்கமும் இருந்ததால், காசநோய் மருந்தைத் தொடங்கி, சில மாதங்களில் மீண்டும் கொலோனோஸ்கோப்பி செய்து பார்ப்பது என்று முடிவானது. இடையில் அவளுக்கு வலி சற்றுக் குறைந்தது. நாங்கள் எல்லாரும் காசநோய்தான், தீர்ந்துவிடும் என்று நம்பத் தொடங்கினோம். மருத்துவர் மட்டும் அசையவில்லை. அறிகுறி குறைவதை வைத்து முடிவெடுக்க முடியாது, குரோன் நோயாளிகளிலும் சிலருக்கு அப்படிக் குறையும், புண் ஆறியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும் என்றார். பார்த்தபோது புண்கள் ஆறவில்லை. அப்போதுதான் குரோன் என்ற பெயர் உறுதியானது. இந்தக் காத்திருப்பை வீண் என்று அக்கா அந்நாட்களில் அழுதிருக்கிறாள்; ஆனால் பிறகு அவளுக்குத் தொடங்கிய உயிரியல் மருந்து மறைந்திருக்கும் காசநோயைக்கூடக் கிளப்பிவிடக்கூடியது என்று தெரிந்தபோது, அந்த நிதானத்தின் மதிப்பு எங்களுக்குப் புரிந்தது.

இனி, எனக்கு நேர்ந்த குழப்பத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரையோடு மலக்குடல் வழியாகச் செலுத்தும் மெசலமைன் எனிமாவும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். நன்றாகவே கேட்டது. பின்னொரு முறை நோய் சற்றுத் தலைதூக்கியபோது, வேறோர் இடத்தில் கொலோனோஸ்கோப்பி செய்ய நேர்ந்தது. அந்த அறிக்கையில் மலக்குடல் இயல்பாக உள்ளது, அதற்குமேல் திட்டுத்திட்டாக அழற்சி உள்ளது, பெருங்குடலின் மறுமுனையில் குடல்வால் வாயைச் சுற்றித் தனியாக ஒரு சிவந்த திட்டு உள்ளது, குரோன் நோயாக இருக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். அக்காவுக்கும் குரோன் என்ற குடும்ப வரலாறு வேறு அந்த ஐயத்துக்கு வலுச்சேர்த்தது.

என் பழைய மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் கொண்டுபோனபோது, அவர் முதலில் கேட்டது சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த முதல் கொலோனோஸ்கோப்பியின் படங்களையும் பயாப்சி அறிக்கையையும்தான். எனிமா மருந்து நேராகப் போய்ப் படிவது மலக்குடலிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும் என்பதால், அந்த இடம் முதலில் ஆறிவிடுகிறது. எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை என்பதால் தொடர்ச்சியாக இருந்த அழற்சி திட்டுத்திட்டாக மாறித் தெரிகிறது. குடல்வால் வாயைச் சுற்றித் தனித்திட்டு வருவதும் இடப்பக்கக் கொலைட்டிஸில் நன்கறியப்பட்ட ஒன்றுதான். அதை மட்டும் வைத்து குரோன் என்று சொல்ல முடியாது. முதல் படங்களில் மலக்குடலில் தொடங்கிய தொடர்ச்சி ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. சேமிப்பிலிருந்த பழைய பயாப்சிக் கண்ணாடித் தகடுகளை வரவழைத்து, குடல் நோயில் தேர்ந்த நோயியல் மருத்துவரிடம் காட்டினார்கள். சிறுகுடலுக்கு ஸ்கேனும் எடுத்தார்கள், அங்கு ஒன்றுமில்லை. என் நோயின் பெயர் மாறவில்லை.

ஆகவே நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய முதல் கொலோனோஸ்கோப்பிதான் வகை பிரிப்பதற்கான மிகச் சிறந்த சாட்சி. அதன் அறிக்கையை மட்டுமல்ல, படங்களையும், பயாப்சி எண்ணையும், அந்தத் தகடுகள் எந்த ஆய்வகத்தில் உள்ளன என்ற விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பரிசோதனைக்கு முன்பே சில கேள்விகளை மருத்துவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பார்ப்பீர்களா? மலக்குடல் உட்பட ஒவ்வொரு பகுதியிலிருந்தும், பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலிருந்தும், திசு எடுத்துத் தனித்தனிக் குப்பிகளில் இடம் எழுதி அனுப்புவீர்களா? எல்லாத் துணுக்குகளையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டால், எந்த இடம் நோயுற்றது எந்த இடம் நல்லது என்பதை நோயியல் மருத்துவரால் சொல்ல முடியாது; தொடர்ச்சியா திட்டா என்ற கேள்விக்கான விடை அங்கேயே தொலைந்துவிடும்.

விதிவிலக்குகள் இன்னும் உண்டு. குழந்தைகளுக்குக் கொலைட்டிஸ் வரும்போது, சிகிச்சைக்கு முன்பேகூட மலக்குடல் ஓரளவு தப்பியிருக்கலாம். பெருங்குடல் முழுதும் பாதிக்கப்பட்ட கொலைட்டிஸில் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டர்கள் இலேசாகச் சிவந்திருக்கலாம். குரோன் நோய் பெருங்குடலை மட்டும் தாக்கி, ரத்தபேதியோடு கொலைட்டிஸைப்போலவே வரலாம். மிகக் கடுமையான கொலைட்டிஸில் புண் ஆழமாகப் போய் குரோனைப்போல் தோன்றலாம். இவற்றால், பெருங்குடலில் மட்டும் நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் தொடக்கத்தில் எந்த வகை என்று சொல்ல முடிவதில்லை. வகைப்படுத்தப்படாத குடல் அழற்சி நோய் என்று எழுதி வைக்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால் மருத்துவருக்குத் தெரியவில்லை என்று எண்ணி ஊர் ஊராக அலைய வேண்டாம். சான்று போதாதபோது பெயரை நிறுத்தி வைப்பது நேர்மையான மருத்துவம். காலப்போக்கில் சிறுகுடலில் புண்ணோ பவுத்திரமோ தோன்றினால் குரோன் என்று தெளிவாகும்; இல்லையென்றால் அந்தப் பெயரோடே சிகிச்சை தொடரும்.

ரத்தப் பரிசோதனையிலேயே வகையைச் சொல்லிவிட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். பி-ஆன்கா என்ற எதிர்ப்பொருள் கொலைட்டிஸில் மிகுதியாகவும், ஆஸ்கா என்பது குரோனில் மிகுதியாகவும் காணப்படுவது உண்மைதான். ஆனால் இரண்டும் தவறான பக்கத்திலும் வரும், உரிய பக்கத்தில் வராமலும் போகும். அவற்றை வைத்து மட்டும் முடிவெடுப்பதில்லை. மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு மிகவும் பயனுள்ளது, ஆனால் வேறொரு வேலைக்கு. ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்கும் வாய்ப்பு குறைவு. 250-ஐத் தாண்டினால் அழற்சி தீவிரமாக இருக்கிறது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். எந்த வகை என்பதை அது சொல்லாது. வலிநிவாரணி மாத்திரைகளாலும் தொற்றினாலும்கூட அது ஏறும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்த அளவு குரோனில் நன்றாக ஏறுகிறது. கொலைட்டிஸில் நோய் தீவிரமாக இருக்கும்போதுகூடச் சிலருக்கு இயல்பாகவே இருக்கும். எனக்கு அப்படித்தான் இருந்தது. ரத்த அறிக்கை நன்றாக இருக்கிறது, உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னவர்களிடம் நான் பலமுறை வாதாட வேண்டியிருந்தது.

வகை தெரிந்ததும் மருந்துப் பாதைகள் பிரிகின்றன. என்னைக் காத்துவரும் மெசலமைன் கொலைட்டிஸில் முதல்வரிசை மருந்து. மலக்குடலோடு நிற்கும் நோய்க்கு சப்போசிட்டரியாக, அதாவது ஆசனவாய் வழியே வைத்து உள்ளே கரையவிடும் மருந்தாக, வைக்கும்போது மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது. உட்படலத்தின் மேற்பரப்பில் படிந்து செயல்படும் இம்மருந்துக்குச் சுவரின் ஆழம் வரை போன குரோன் நோயில் பெரிய பயன் காணப்படவில்லை. "உனக்குக் கேட்டது எனக்கும் கேட்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, நானும் போட்டுப் பார்க்கட்டுமா?" என்று அக்கா ஒருநாள் என்னிடம் கேட்டாள். அதற்கு விடை இதுதான். அவளுக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கரையும்படி செய்த புடசோனைட் என்ற ஸ்டீராய்டும், பிறகு நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோபிரினும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கும் ஊசியும் (முன்பு சொன்ன உயிரியல் மருந்து) தேவைப்பட்டன. இத்தகைய மருந்துகளில் சில இரு வகைக்கும் பயன்படுகின்றன. சில ஒரு வகைக்கு மட்டுமே. டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை கொலைட்டிஸுக்குத் தரப்படுகிறது, குரோனில் அது போதிய பயன் தரவில்லை. வழக்கமான உணவை நிறுத்தி, சில வாரங்கள் சத்துத் திரவம் மட்டுமே கொடுத்து நோயை அடக்கும் முறை குரோன் நோயில், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நிரூபிக்கப்பட்ட சிகிச்சை. கொலைட்டிஸில் அதற்கு அந்தப் பயன் இல்லை.

புகைபிடித்தல் விஷயத்தில் இவை எதிரெதிர்த் திசையில் போவது வியப்பான உண்மை. புகைபிடிப்பவருக்குக் குரோன் நோய் கடுமையாகிறது, அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்ப வருவதும் மிகுதியாகிறது. கொலைட்டிஸோ புகைபிடிப்பதை நிறுத்தியவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. இதைப் படித்துவிட்டுக் கொலைட்டிஸ் உள்ளவர்கள் புகைபிடிக்கலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. புகை தரும் புற்றுநோயும் இதயநோயும் எந்த வகையினரையும் விட்டுவைப்பதில்லை.

அறுவை சிகிச்சையில்தான் வகையின் முக்கியத்துவம் முழுமையாகத் தெரிகிறது. கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்பதால், மருந்துக்கு அடங்காதபோது பெருங்குடலையும் மலக்குடலையும் முழுதாக எடுத்துவிட்டால் குடலில் நோய்க்கு இடமில்லாமல் போகிறது. சிறுகுடலின் முனையில் பை அமைத்து ஆசனவாயோடு இணைக்கலாம். குரோனில் நோயுற்ற பகுதியை வெட்டி இணைத்தால், இணைத்த இடத்துக்கு அருகிலேயே பெரும்பாலும் மீண்டும் தோன்றுகிறது. அதனால்தான் குரோனில் எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக வெட்டுகிறார்கள். பை அமைப்பதையும் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். கொலைட்டிஸ் என்று நம்பிப் பை அமைத்த பிறகு அது குரோன் என்று தெரியவந்தால், அந்தப் பையை எடுத்துவிடும் நிலைகூட வரலாம். பெருங்குடலை எடுக்கப் பரிந்துரைக்கப்பட்டவர்கள், அவசர நிலை இல்லையென்றால், வகை உறுதியாகிவிட்டதா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்பதில் தவறே இல்லை.

சத்துக்குறைவும் இடத்தைப் பொறுத்ததே. வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் என்பதால், அக்காவுக்கு அதை முறையாகச் சோதித்து ஊசியாகப் போடுகிறார்கள். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. ரத்தப்போக்கினால் வரும் இரும்புச்சத்துக் குறைவுதான் என் கவலை. மூட்டுவலி, கண் சிவந்து வலித்தல், காலில் தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் ஆகியவை இரு வகையிலும் வரும். அவற்றைத் தனி நோய் என்று எண்ணி வேறொரு மருத்துவரிடம் தனியே காட்டி, இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளை வாங்கி உட்கொள்ளாதீர்கள். அவை குடல் அழற்சியைத் தூண்டிவிடக்கூடும். பித்தநாளங்கள் இறுகித் தழும்பாகும் ஒரு கல்லீரல் நோய் கொலைட்டிஸோடு சேர்ந்து வருவது கூடுதல். அது இருந்தால் பெருங்குடல் புற்றுநோய்க்கான கண்காணிப்பு உடனே தொடங்கி ஆண்டுதோறும் நடக்க வேண்டும். மற்றவர்களுக்கு, மலக்குடலைத் தாண்டிப் பெருங்குடல் பாதிக்கப்பட்டிருந்தால், எந்த வகையாயினும், நோய் தொடங்கி ஏறத்தாழ 8 ஆண்டுகளில் இந்தக் கண்காணிப்புக் கொலோனோஸ்கோப்பியைத் தொடங்கச் சொல்கிறார்கள். அறிகுறி ஏதுமில்லாமல் நலமாக இருக்கும்போதும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கடைசியாக, எப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது. இந்தத் தாளை இருவருக்கும் தனித்தனியாக எழுதி வீட்டில் எல்லாருக்கும் தெரியும் இடத்தில் ஒட்டியிருக்கிறோம். என் தாளில் இருப்பவை: ஒரு நாளில் ஆறு முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மலம் போவதும், அதோடு காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியசைத் தாண்டுவதோ, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-க்கு மேல் இருப்பதோ சேர்ந்துகொள்வதும். பேதி திடீரென நின்று வயிறு உப்பி வலிப்பது. இந்தக் கடைசி நிலையில் பேதி நின்றுவிட்டதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. பெருங்குடல் செயலிழந்து விரிவடைவதன் அறிகுறியாக அது இருக்கலாம். அக்காவின் தாளில் இருப்பவை: வயிறு உப்பி, அலையலையாகப் பிடித்திழுக்கும் வலியோடு வாந்தி வருவதும், வாயுவும் மலமும் வெளியேறாமல் நிற்பதும் குடல் அடைப்பைக் காட்டும், குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் வயிற்றின் ஓரிடத்தில் தொட்டாலே தாங்க முடியாத வலியும் உள்ளே சீழ்க்கட்டியைக் காட்டும், ஆசனவாயருகே புதிய வீக்கமும் காய்ச்சலும், சிறுநீரில் குமிழிகள் வருவதும் அழற்சி துளைத்துப் போட்ட புதிய பாதையை, அதாவது ஃபிஸ்துலாவைக் காட்டும். இரண்டு தாள்களுக்கும் கீழே நோயின் பெயர், பாதித்த பகுதி, இப்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள், முதல் கொலோனோஸ்கோப்பி நடந்த நாள், கோப்பு வைத்திருக்கும் அலமாரி ஆகிய விவரங்களையும் எழுதியிருக்கிறோம். எங்களால் பேச முடியாத நேரத்தில் அழைத்துச் செல்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.